பச்சைத் தட்டில் மூன்று நாள் லீவு

எனக்கு ஆண்டுக்கு நாற்பத்தைந்து நாள் லீவு உண்டு, முழுச் சம்பளத்தோடு. இதைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் சொந்தக்காரர்களிடம் சொன்னால் ஒரு சிற்றரசனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் போய் நின்றால்தான் அவர்களுக்குப் பேர் விழும். பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. வீட்டில் படுத்திருந்தாலும் பேர் விழும் நாள் நாற்பத்தைந்து என்றால் அவர்களால் நம்ப முடிவதில்லை. நம்பாததில் தப்பில்லை. போன வருடம் நான் எடுத்தது நான்கு நாள். மிச்சம் நாற்பத்தொன்றும் டிசம்பர் கடைசியில் சத்தமில்லாமல் காலாவதியாகிவிட்டன.

நான் ஒரு பொலிஸ் சார்ஜன்ட். பதுளையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் வளைந்து வளைந்து போனால் எங்கள் நிலையம் வரும். பெயர் வேண்டாம். இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். சுற்றிவரத் தேயிலை. முறைப்பாடு கொடுக்க வருகிறவர்களில் பாதிக்கு மேல் தோட்டத்து ஆட்கள். நிலையத்தில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். லுணுகலைப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கையில் கிடைத்ததையெல்லாம் படித்து, வடை சுற்றி வந்த பத்திரிகைத் துண்டைக்கூட விடாமல் படித்து, கடைசியில் பிறருடைய சண்டைகளைத் தெளிவான கையெழுத்தில் எழுதும் உத்தியோகத்துக்கு வந்து சேர்ந்தேன். வாசலுக்கு வலது புறம் ஒரு மேசை. ‘தமிழ் மேசை’ என்று பெயர். அதற்கு நான்கு கால். ஐந்தாவது நான்.

லீவு விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: ‘பதில் கடமை பார்ப்பவரின் கையொப்பம்.’ மற்றவர்கள் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்வார்கள். என் கட்டத்தில் கையெழுத்துப் போடத் தகுதியான ஆளை இருபத்தாறு வருடமாக யாரும் நியமிக்கவில்லை. அந்த நான்கு நாளும் சாவு வீடுகளுக்குப் போனது. சாவு என்றால் பொறுப்பதிகாரி கட்டத்தைப் பார்க்காமல் அனுமதித்துவிடுவார். உயிரோடு இருக்கிறவர்களுக்காக லீவு கேட்பதுதான் சிரமம்.

நான் முழு நிரபராதி என்றும் சொல்ல முடியாது. வேலை பார்த்த ஓய்வு நாளுக்குத் தனியாக ஒரு கொடுப்பனவு உண்டு. அது சம்பளத்தோடு சேர்ந்து வரும்போது எனக்கும் இனிக்கத்தான் செய்தது. ‘ஞாயித்துக்கிழமையெல்லாம் வித்துத்தான் இந்த மனுசன் வீட்டுக்கு டைல்ஸ் போட்டாரு’ என்று என் மனைவி விருந்தாளிகளுக்குத் தரையைக் காட்டுவாள். அவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

மனைவிக்குத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை. அம்மாமார் மலையில் கொழுந்து எடுக்கும் நேரத்தில் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. முப்பது பிள்ளைகளையும் குரலால் மட்டும் அடக்குகிறவள். அந்தக் குரலுக்குக் கீழே, கழுத்தில் ஒரு கட்டி வளர்ந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் காட்டினோம். பயப்படும்படி ஒன்றும் இல்லை, ஆனால் எடுத்துவிட வேண்டும், கொஞ்ச நாள் குரல் கம்மலாம் என்றார் டாக்டர். ஒன்பது மாதம் காத்திருந்து சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தது. தவறவிட்டால் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும்.

“என்னங்க, மூணு நாளைக்கு வந்துருவீங்கல்ல?”

“வராம?”

“பையன் பொறந்தப்பவும் இப்படித்தான் ‘வராம?’ன்னீங்க.”

பையனுக்கு இப்போது இருபத்து நான்கு வயது. கட்டாரில் இருக்கிறான். அவனுக்கும் லீவு கொடுக்கமாட்டேன் என்கிறார்களாம். பரம்பரை.

“கையெழுத்துப் போடுறதுக்கு மட்டும் இல்லங்க. அதுக்குத் தங்கச்சியே போதும். தியேட்டருக்குள்ள தள்ளிக்கிட்டுப் போறப்ப நீங்க கதவுகிட்ட நிக்கணும். ஒங்க மூஞ்சியப் பாத்துட்டு உள்ள போறேன். வேற ஒண்ணும் வேணாம்.”

“என் மூஞ்சியப் பாத்தா மயக்க மருந்து மிச்சம்ங்கிற.”

என் பகிடிக்கு அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே பயம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிற்கிறேன் என்றேன்.

இங்கேதான் என் படிப்பும் பெருமையும் சேர்ந்து காலை வாரின. அதற்குக் கொஞ்சம் முன்பு பதுளையில் மொழி உரிமை பற்றி இரண்டு நாள் பயிற்சி வகுப்பு நடந்தது. சோற்றுப் பார்சல், நீலநிறக் கோப்பு, சான்றிதழ் எல்லாம் கொடுத்தார்கள். அரச அலுவலகத்தில் அவரவர் மொழியில் எழுதுவது அவரவர் உரிமை என்று கற்றுக்கொண்டு வந்தேன். வந்த நாளிலிருந்து மேசைக்கு எதிரே உட்காருகிற ஒவ்வொருவரிடமும், “ஒங்க மொழியிலயே எழுதுங்க, பயப்படாதீங்க” என்று பிரசங்கம். ஆட்டைக் காணவில்லை என்று வந்தவர்கூட உரிமையோடு திரும்பிப் போனார், ஆடு இல்லாமல். இப்படியிருக்க, சொந்த லீவை மட்டும் இருபத்தாறு வருடம் சிங்களத்திலேயே எழுதிவந்தது திடீரென்று எனக்கு வெட்கமாகப் பட்டது. தமிழில் எழுதினேன். ‘என் துணைவியாரின் கழுத்துச் சத்திரசிகிச்சையின் பொருட்டு’ என்று தொடங்கும் அந்த வாக்கியம் இன்னும் எனக்கு மனப்பாடம். சத்திரசிகிச்சைக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது கொடுத்தேன். இரண்டு நாளுக்கு மேற்பட்ட லீவென்றால் பதினான்கு நாள் முன்கூட்டிக் கேட்க வேண்டும் என்பது நிலையத்து விதி. எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்ட நிம்மதியில் இருந்துவிட்டேன்.

ஆறு நாள் போயிற்று. அது தோட்டத்துச் சம்பள வாரம். சம்பளத்தன்று சாராயம், மறுநாள் என் மேசை. நிமிர நேரமில்லை. ஏழாம் நாள், தேங்கிக் கிடந்த கடிதங்களைப் பார்க்கலாம் என்று மேசையிலிருந்த பச்சைத் தட்டைக் கிட்டே இழுத்தேன். தமிழில் வரும் கடிதங்களெல்லாம் அதில்தான் விழும். நான் சிங்களத்தில் மொழிபெயர்த்து, கீழே கையெழுத்திட்டு உள்ளே அனுப்ப வேண்டும். முதலில் ஒலிபெருக்கி அனுமதி கேட்டு ஒரு கோயில் கமிட்டி. அடுத்தது தொலைந்த அடையாள அட்டை. அதற்கும் அடியில், தெளிவான கையெழுத்தில், ‘என் துணைவியாரின்...’

லீவுப் பதிவேடு வைத்திருப்பது ஒரு பெண் கான்ஸ்டபிள். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளின் தாய். நிலையத்தில் பேச்செல்லாம் சிங்களம்தான். அதைத் தமிழில் தருகிறேன், கை அப்படிப் பழகிவிட்டது.

“இது என்னோட லீவு” என்றேன்.

“தெரியும் சார்ஜன். எழுத்து என்ன அழகுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“பாத்துட்டு எதுக்கு இந்தத் தட்டுல போட்ட?”

“தமிழ்ல இருக்கே! தமிழ்ல வர்றதெல்லாம் பச்சைத் தட்டுன்னு நீங்கதான தாள் ஒட்டி வச்சீங்க?”

எட்டிப் பார்த்தேன். ஒட்டித்தான் இருந்தது. மூன்று மொழியிலும், அதே அழகான எழுத்தில்.

கிழித்துப் போட்டுவிட்டுச் சிங்களத்தில் வேறு எழுதித் தருகிறேன் என்றேன். அவள் பதிவேட்டைத் திறந்து காட்டினாள். விண்ணப்பம் இலக்கமிட்டுப் பதிவாகியிருந்தது. நிலை: மொழிபெயர்ப்பில். புதிதாக எழுதினால் இன்றைய திகதி விழும். இன்னும் இருப்பது பன்னிரண்டு நாள், விதி பதினான்கு நாள். ஆகவே பழையதைத்தான் காப்பாற்ற வேண்டும். அதை மொழிபெயர்க்க வேண்டியவன் நான். ருசிய நாவல்களில் இப்படிக் கோப்புகளில் சிக்கித் தவிக்கும் குமாஸ்தாக்களைப் படித்துச் சிரித்திருக்கிறேன். அங்கேயாவது பனி விழும்.

மொழிபெயர்ப்பைச் செய்து எடுத்துக்கொண்டு பொறுப்பதிகாரியிடம் போனேன். நல்ல மனிதர். மாத்தறையில் இருக்கும் தன் வீட்டைப் பார்த்து இரண்டு மாதம் ஆகிறது அவருக்கு.

“லீவு கேக்கிறவரும் மொழிபெயர்த்து அத்தாட்சிப்படுத்துறவரும் ஒரே ஆளா? கணக்காய்வுக்காரன் கண்ணுல பட்டா என்னைத் தொங்கவிட்டுருவான்.”

“சேர், வேற யாருக்கும் தமிழ் தெரியாதே.”

“அதனாலதானே சார்ஜன் உங்களுக்கு லீவு தர முடியல” என்றார், ஆறுதல் சொல்லும் குரலில். அதன் பிறகு இழுப்பறையைத் திறந்து, மேலிடம் திருப்பி அனுப்பிய தன் சொந்த லீவு விண்ணப்பங்கள் மூன்றைக் காட்டினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளியார் யாராவது அத்தாட்சிப்படுத்தினால் ஏற்கிறேன் என்று கடைசியில் சொன்னார். கடைவீதியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் சமாதான நீதவான், தாள்களை அத்தாட்சிப்படுத்தும் அதிகாரம் உள்ளவர். ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே இரண்டு தாளையும் அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிதானமாக வாசித்தார்.

“என்ன சார்ஜன், பொண்டாட்டிட கழுத்தப் பத்தி இவ்வளவு நல்ல தமிழ்ல எழுதி இரிக்கீங்க. அங்க வாசிக்க ஒரு ஆளும் இல்லயே!”

“அதான் ஒங்ககிட்ட கொண்டாந்தேன் நானா.”

“நா பூட்டு விக்கிறவன். பூட்டிக்கிட்டுச் சாவிய உள்ளுக்கே வச்சிட்டு வார ஆக்கள் எத்தினயோ பேரக் கண்டிரிக்கேன். ஆனா நீங்க பூட்டயே எழுதிக் குடுத்திரிக்கீங்க.” முத்திரையை ஓங்கிக் குத்தினார். “போங்க. அவங்களுக்கு நல்லபடியா ஆகட்டும்.”

மிச்சம் இருந்தது அந்தக் கட்டம். கான்ஸ்டபிள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

“நான் போடுறேன் சார்ஜன். எனக்குத் தமிழ் தெரியும்தானே.”

தெரியும்தான். பத்து வருடமாகத் தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்கள் பார்த்துக் கற்ற தமிழ். ஒருமுறை, பக்கத்து வீட்டுக்காரி கோழியைப் பிடித்துக்கொண்டாள் என்று வந்த அம்மாவிடம், “அவ கதைய முடிச்சிரலாம்” என்று தமிழிலேயே ஆறுதல் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா முறைப்பாட்டை வாபஸ் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார். இப்போது பெரிதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தமிழில் என்னிடம் சொன்னாள்:

“நீங்க நிம்மதியா போங்க. நா பாத்துக்கறேன். இது என் சபதம்.”

பொறுப்பதிகாரியும் கையெழுத்திட்டார். ஓரத்தில் ஒரு வரி: தொலைபேசி திறந்திருக்க வேண்டும்.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் மனைவியை வார்டில் சேர்த்தோம். பெண்கள் வார்டு என்பதால் அவளுடைய தங்கச்சிதான் கூடத் தங்கினாள். மறுநாள் காலை நான் போய்ப் போட வேண்டிய கையெழுத்துகளையெல்லாம் போட்டேன். அதில் எனக்கு அனுபவம் உண்டு. உள்ளே கண்ணாடி போடக்கூடாது என்று தாதி சொல்ல, மனைவி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் சட்டைப் பையில் வைத்தாள்.

“இது இல்லாட்டி எனக்கு ஒண்ணுமே தெரியாது. கிட்டவே நில்லுங்க.”

தங்கச்சி சாமான்களோடு வார்டில் இருந்தாள். மனைவியைத் தள்ளிக்கொண்டு வருவதற்கு முன்பே நான் சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவுக்கு எதிரே இருந்த வாங்கில் போய் உட்கார்ந்தேன். ஒன்பதே முக்காலுக்குப் போன் அடித்தது. கான்ஸ்டபிள். குரல் விட்டு விட்டு வந்தது. நடைவழியின் அந்தக் கோடியில், படிக்கட்டுப் பக்கத்து ஜன்னலருகே போனால்தான் தெளிவாகக் கேட்டது. எட்டிப்போட்டால் இருபது தப்படி. கணக்குப் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கிலிருந்து ஒரு பெண் நடந்தே வந்திருக்கிறாள். தலையில் வெட்டுக்காயம், துணியைச் சுற்றிக் கட்டியிருக்கிறாள். அடித்தது புருஷன். கான்ஸ்டபிள் தனக்குத் தெரிந்த தமிழிலெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டாள். அந்தப் பெண், “சார்ஜன் ஐயா இல்லியா?” என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. இப்போது திரும்பிப் போக எழுந்துவிட்டாள்.

“போனை அவங்ககிட்ட குடு.”

“ஐயா, நீங்க இல்லைங்கிறாங்க. நான் நாளைக்கு வாறேங்க.”

நாளைக்கு வருகிறேன் என்று எழுந்துபோன பெண்கள் மறுநாள் வந்து நான் பார்த்ததில்லை. மறுநாளுக்குள் மாமியார் பேசிவிடுவாள், பிள்ளை அழுதுவிடும், அவன் காலில் விழுந்துவிடுவான்.

“ஒக்காருங்கம்மா. நான் இங்கதான் இருக்கேன். சொல்லுங்க.”

சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் சிங்களத்தில் சொன்னேன், கான்ஸ்டபிள் எழுதினாள். வேகமாகவே முடிந்தது. நடுவில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். கதவு மூடியிருந்தது. வாங்கு காலியாக இருந்தது.

எழுதியதை வாசித்துக் காட்டாமல் கையொப்பம் வாங்கக்கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் விடமாட்டேன். என் அப்பா என்னவென்றே தெரியாத தாள்களில் பெருவிரலை வைத்து வைத்தே வாழ்ந்து முடித்தவர். கான்ஸ்டபிள் ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் வாசித்தாள், நான் அதைத் தமிழாக்கி அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன்.

“‘விறகுக்கட்டையால் தலையில் அடித்தார்.’ சரியாம்மா?”

“இல்லைங்கய்யா. கட்ட இல்ல. கவ்வாத்துக் கத்தி. பிடிப் பக்கத்தால.”

கவ்வாத்துக் கத்தி தேயிலைச் செடியைத் தறிக்கும் கத்தி. விறகுக்கட்டைக்கும் அதற்கும் நீதிமன்றத்தில் நிறைய வித்தியாசம். “நிப்பாட்டு, அந்த வரியை மாத்து” என்று கான்ஸ்டபிளிடம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் பின்னால் சக்கரச் சத்தம் கேட்டது.

தள்ளுவண்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. பச்சைத் தொப்பிக்குள் மனைவியின் முடி முழுவதும் மறைந்திருந்ததால் முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். தலை இடது பக்கம் திரும்பி வாங்கைப் பார்த்தது. பிறகு வலது பக்கம் சுவரைப் பார்த்தது. கையைத் தூக்கி ஆட்டினேன். கண்ணாடி என் பையில் இருந்தது.

“ஐயா, இருக்கீங்களா?” என்றது போன்.

“இருக்கேன்மா.”

அந்த வரியைத் திருத்தி, வாசித்துக் காட்டி, அந்தப் பெண் சரி என்ற பிறகு பார்த்தேன். கதவு மூடியிருந்தது. வழிநெடுக ஓடிப் போய் அதன் முன்னால் நின்றேன். ஒன்றரை மணி நேரம் நின்றேன். ஒரு தாதி, “மாமா, அங்க வாங்கு இருக்கு” என்றாள்.

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஒரு நாள் பேசக்கூடாது என்றார்கள். மாலையில் பார்வையாளர் நேரத்தில் போனபோது கழுத்தில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் வாய் திறக்கும் முன்பே கையை நீட்டினாள். என் குறிப்புப் புத்தகத்தையும் பேனையையும் கொடுத்தேன். பெரிய பெரிய எழுத்தில், கோடு தாண்டி எழுதினாள்: எங்க போனீங்க?

சொன்னேன். ஒரு வாக்குமூலம் போலவே சொன்னேன், நேரம் உட்பட. கேட்டுக்கொண்டிருந்தாள். மறுபடி புத்தகத்தை எடுத்தாள். வசவுதான் வரப்போகிறது என்று பார்த்தேன். எழுதியிருந்தது: அவளுக்குத் தையல் போட்டாங்களா?

“ஆறு தையல். நம்ம நிலையத்து ஜீப்புலயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களாம்.”

தலையாட்டிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டாள். அந்தக் குறிப்புப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அது அரசாங்கச் சொத்து, நிரம்பியதும் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் அதை நிரப்பப்போவதில்லை.

மூன்று வாரம் கழித்துக் கான்ஸ்டபிள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“சார்ஜன், உங்களுக்கு ஒரு நாள் லாபம்!”

லீவில் இருப்பவர் வாக்குமூலம் எடுக்க முடியாது. எடுத்தால் அவர் லீவில் இல்லை. ஆகவே அந்த நாளை ‘கடமைக்கு மீள அழைக்கப்பட்டார்’ என்று பொறுப்பதிகாரி பதிந்து, லீவு நாளை என் கணக்கில் திரும்பச் சேர்த்திருந்தார். நான் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். இடாவிட்டால் வாக்குமூலம் நிற்காது, அந்தப் பெண்ணின் வழக்கும் நிற்காது. கையெழுத்துப் போட்டேன். நான் அப்படிக் கைகூசாமல் போட்ட கையெழுத்து வேறு எதுவும் இல்லை. ஆனாலும் பேனையை மூட நேரமாயிற்று.

கான்ஸ்டபிள் போகவில்லை. இன்னொரு தாளை முன்னால் வைத்தாள். அவளுடைய லீவு. மகனை விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்க, அடுத்த மாதம் நான்கு நாள். பதில் கடமைக் கட்டம் காலியாக இருந்தது.

“எனக்காக நீங்க போடமாட்டீங்களா சார்ஜன்?”

அதிலும் போட்டேன். வேறு என்ன செய்வது?

வீட்டுக்குப் போய் மனைவியிடம் பதிவேட்டு விவகாரத்தை ஒரு பகிடியாகச் சொன்னேன். அவளுக்குக் குரல் திரும்பியிருந்தது. கொஞ்சம் கரகரப்பு. மடுவத்துப் பிள்ளைகள் அதற்கு முன்னைவிட அதிகமாகப் பயப்படுகிறார்களாம்.

“அப்ப அன்னைக்கு நீங்க ஆஸ்பத்திரியிலயே இல்ல.”

“பதிவேட்டுப்படி இல்ல.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

டைல்ஸ் தரையைப் பார்த்தேன். பிறகு, கிடைத்த அந்த ஒரு நாளில் கழுத்தைத் திரும்பக் காட்டும் கிளினிக்குக்கு அவளோடு வருகிறேன், இந்த முறை சிங்களத்திலேயே எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். கிளினிக் அட்டையை எடுத்துத் திகதியைப் பார்த்தேன். அடுத்த மாதம். கான்ஸ்டபிளின் நான்கு நாளில் இரண்டாவது நாள்.

என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். இருபத்தாறு வருடப் பயிற்சி.

“விடுங்க, நான் தனியாப் போய்க்கிறேன். கண்ணாடிய மட்டும் ஞாபகமா எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க.”